சாமான் கொண்டுபோன கலத்த ஏன் எரிச்சுடறாங்க?

கேள்வி கேட்ட நண்பர் எழுதினது கொஞ்சம் நீளம், சாரம் இதுதான். அவரோட பொண்ணு எட்டாவது படிக்கிறா. ஸ்பேஸ் ஸ்டேஷனுக்கு ஆளில்லாம சாப்பாடு தண்ணி கொண்டுபோற கலத்துல கடைசில குப்பைய ஏத்தி கடல் மேல எரிச்சுடறாங்கன்னு ஒரு வீடியோல பாத்திருக்கா. "அவ்ளோ செலவு பண்ணி செஞ்சத ஏன்பா எரிக்கணும், லாரி மாதிரி திரும்பி வரக்கூடாதா? குப்பைய பைல கட்டி ஜன்னல் வழியா எறிஞ்சா போச்சு"ன்னு கேட்டிருக்கா. இவருக்கு பதில் தெரியல. பாத்தா ரெண்டு கேள்வி மாதிரி இருக்கு, உள்ள இருக்கறது ஒண்ணுதான்: இது கஞ்சத்தனமா, தெரியாத்தனமா, இல்ல வேற வழியே இல்லாம செய்றதா?

முதல்ல என்னப் பத்தி ஒரு வரி. நான் ராக்கெட் திரவ எரிபொருள் டெஸ்ட் பண்ற இடத்துல 22 வருஷம் இருந்தவன், டேங்க், வால்வு, பைப், லீக் செக், இதுதான் என் பொழப்பு. சரக்குக் கலம் எதையும் நான் தொட்டது கெடையாது. அதனால எரிபொருள் சம்பந்தமா சொல்றத கொஞ்சம் தைரியமா சொல்லுவேன், மத்ததெல்லாம் வருஷக்கணக்கா ஆர்வத்துல படிச்சுத் தெரிஞ்சுகிட்டது.

பொண்ணு லாரின்னு சொன்னாள்ல, அங்கதான் சிக்கல். லாரிக்காரங்க கிட்ட கேட்டா ரிட்டர்ன் லோடு பத்தி சொல்லுவாங்க, திரும்பும்போது லோடு கெடைக்கலன்னா டீசல் காசு தண்டம். ஸ்பேஸ் ஸ்டேஷன்ல நிலைமையே வேற. மேல போற சாமான் டன் கணக்கு, கீழ கண்டிப்பா வந்தே ஆகணும்னு இருக்கற சாமான் ரொம்பக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்காக ஒவ்வொரு வண்டிலயும் திரும்பி வர்றதுக்கான ஏற்பாட்ட செஞ்சு வெச்சா என்ன ஆகும்னு பாக்கணும்னா ரஷ்யாவோட ப்ரோகிரஸ் கலத்த பாத்தாப் போதும், ஏன்னா அது கிட்டத்தட்ட கணக்குப் பாடம் மாதிரி.

ஆளுங்க போற சோயுஸ் கலத்துக்கு மூணு பகுதி. முன்னாடி உருண்டையா ஒண்ணு, நடுவுல மணி மாதிரி ஒண்ணு, பின்னாடி இன்ஜின் இருக்கற பகுதி. பூமிக்கு திரும்பி வர்றது நடுவுல இருக்கற அந்த மணி மட்டும்தான். வெப்பக் கவசம், பாராசூட், தரைய தொடறதுக்கு ஒரு நொடி முன்னாடி எரியற குட்டி ராக்கெட், சீட்டு எல்லாம் அதுல இருக்கு, எடை கிட்டத்தட்ட 3 டன். மொத்தக் கலமே 7 டன் சொச்சம்தான். சோவியத் காரங்க சரக்குக் கலம் வேணும்னு யோசிச்சப்போ புதுசா ஒண்ணும் டிசைன் பண்ணல, இதே சோயுஸ எடுத்து அந்த மணிய கழட்டி வெச்சுட்டு அந்த எடத்துல எரிபொருள் டேங்க்குகள சொருகிட்டாங்க. முன்னாடி உருண்டைல சாப்பாடு, துணி, உதிரி பாகம். அவ்ளோதான், ப்ரோகிரஸ் ரெடி. 1978 ஜனவரி 20 அன்னிக்கு முதல் ப்ரோகிரஸ் கெளம்பி ரெண்டு நாள்ல சோவியத்தோட சல்யூட் 6 ஸ்டேஷன்ல போய் ஒட்டிச்சு, உள்ள இருந்தது ரொமனென்கோவும் க்ரெச்கோவும். அந்தக் காலத்துலயே 2.3 டன் சாமான். அதே எடைல திரும்பி வர்ற சோயுஸ், மூணு ஆளுங்க போக கீழ கொண்டுவர்றது ஒரு அறுபது எழுபது கிலோ. ஆக, திரும்பி வரணும்ங்கற ஆசைய விட்டா 2 டன்னுக்கு மேல லாபம், விடலன்னா அந்த 2 டன்னும் பாராசூட்டாவும் கவசமாவும் சும்மா மேல போயிட்டு கீழ வரும். கஞ்சத்தனம்னு சொல்லணும்னா நல்ல கஞ்சத்தனம்.

இப்போ என் பேட்டைக்கு வரேன். சரக்குக் கலம்னா எல்லாரும் சாப்பாடு தண்ணிதான்னு நெனைப்பாங்க, ஆனா ப்ரோகிரஸ் கொண்டுபோற மிக முக்கியமான சாமான் எரிபொருள். ஸ்டேஷன் 400 கிலோமீட்டர் சொச்சம் உயரத்துல சுத்துது, அங்கயும் லேசா காத்து இருக்கு, அந்த காத்து தேய்ச்சு தேய்ச்சு மாசத்துக்கு சுமார் 2 கிலோமீட்டர் கீழ இறக்கிவிடும், சூரியன் உக்கிரமா இருக்கற வருஷங்கள்ல இன்னும் அதிகம். 420 டன் ஸ்டேஷன அப்பப்போ மேல தள்ளிவிடணும். அந்தத் தள்ளற வேலையும் பெரும்பாலும் பின்னாடி ஒட்டிகிட்டு நிக்கற ப்ரோகிரஸோடதுதான், தன் த்ரஸ்டர, அதாவது குட்டி இன்ஜின்கள போட்டு மொத்த ஸ்டேஷனையும் தூக்கும். உடைஞ்ச சாட்டிலைட் துண்டு ஏதாவது எதிர்ல வந்தா ஒதுங்கறதும் பல நேரம் இதே த்ரஸ்டர வெச்சுதான். சமீபத்துல மத்தவங்களும் கத்துகிட்டாங்க, அமெரிக்கக் கம்பெனிகளோட சரக்குக் கலங்கள்ல 2022ல சிக்னஸும் 2024 நவம்பர்ல டிராகனும் ஸ்டேஷன தள்ளிக் காட்டினாங்க. ஆனாலும் ஸ்டேஷன் டேங்க்குலயே எரிபொருள ஊத்தறது ரஷ்யக் கலம் மட்டும்தான், அந்தப் பக்கம் சீன ஸ்டேஷன்ல அவங்களோட சரக்குக் கலம் தியான்சோ.

ஊத்தறதுன்னு சொல்லிட்டேன், ஆனா அங்க ஊத்த முடியாது. எடை இல்லாத எடத்துல திரவம் டேங்க் அடில நிக்காது, காத்தோட கலந்து கொழகொழன்னு மிதக்கும், குழாய தொறந்தா திரவம் வருமா காத்து வருமான்னு சொல்ல முடியாது. அதனால டேங்க்குக்குள்ள உலோகத் துருத்தி மாதிரி ஒரு அமைப்பு இருக்கு, ஒரு பக்கம் எரிபொருள், இன்னொரு பக்கம் அழுத்தம் குடுக்கற நைட்ரஜன், ரெண்டும் கலக்கவே கலக்காது. ஸ்டேஷன் டேங்க்ல இருக்கற நைட்ரஜன ஒரு கம்ப்ரசர் உறிஞ்சி திரும்ப பாட்டில்ல அடைக்கும், அழுத்தம் எறங்கும், அப்புறம் ப்ரோகிரஸ் பக்கத்து அழுத்தம் எரிபொருள இந்தப் பக்கம் தள்ளும். அந்த கம்ப்ரசர் கரண்ட்ட குடிக்கும், அதனால அந்தக் காலத்துல ஒரே மூச்சுல செய்யாம கொஞ்சம் கொஞ்சமா நாள் கணக்குல செஞ்சாங்க. முடிஞ்சதும் லைன்ல மிச்சம் இருக்கறத நைட்ரஜன் விட்டு வெளிய ஊதித் தள்ளிட்டுதான் பிரிவாங்க, இல்லன்னா பிரியும்போது ஒட்டற எடத்துல தெளிச்சுடும்.

இதுல என்ன பெரிய விஷயம்னு நெனைக்கறவங்களுக்கு, அந்த எரிபொருள் யூடிஎம்ஹெச்ங்கற திரவம், கூட அத எரிய வெக்கறதுக்கு நைட்ரஜன் டெட்ராக்சைடு. ரெண்டும் ஒண்ண ஒண்ணு தொட்டாலே பத்திக்கும், தீப்பொறி எல்லாம் வேண்டாம். முதலாவது அழுகின மீன் மாதிரி, அமோனியா மாதிரி நாறும், அந்த வாசனை வந்துச்சுன்னாலே ஏற்கனவே மூச்சுல எறங்கிடுச்சுன்னு அர்த்தம். ரெண்டாவது செம்பழுப்பா புகையும். நான் வேலை பாத்த எடத்துல ஒரு தடவ பைப்ப இணைக்கற ஒரு ஃப்ளாஞ்சுல கசிவு, சொட்டுன்னு கூட சொல்ல முடியாது, ஈரம் தெரிஞ்சுது அவ்ளோதான், மொத்த ஷிஃப்ட்டையும் நிறுத்தி எல்லாரையும் காத்து அடிக்கற தெசைக்கு எதிர்ப்பக்கம் ஓட விட்டாங்க. இத்தனைக்கும் திறந்தவெளி. ஸ்டேஷன்ல எங்க ஓடுவீங்க? 1975ல அமெரிக்காவோட அப்பல்லோ கலமும் சோயுஸும் மேல சந்திச்சு முடிஞ்சு அப்பல்லோ கீழ எறங்கும்போது இந்த டெட்ராக்சைடு புகை உள்ள வந்து மூணு பேரும் ஆஸ்பத்திரில கெடந்தாங்க. அதனாலதான் ப்ரோகிரஸ்ல எரிபொருள் பகுதிக்கும் சாமான் அறைக்கும் நடுவுல கதவே கெடையாது, எரிபொருள் குழாய் சாமான் அறைக்கு வெளிப்பக்கமா சுத்திகிட்டு வந்து ஸ்டேஷனோட ஒட்டற டாக்கிங் வளையத்துல சேரும். கசிஞ்சா வெளிலதான் கசியணும். 2024 நவம்பர்ல ஒரு ப்ரோகிரஸ் வந்து கதவ தொறந்ததும் ஒரு மாதிரி நாத்தம், சின்னச் சின்னத் துளிகள் வேற தெரிஞ்சுதுன்னு சொல்லி கதவ சாத்தி காத்த சுத்திகரிச்சாங்க. பெருசா ஒண்ணும் ஆகல, உள்ள இருந்த பொருள்ல இருந்து வந்த வாசனையா இருக்கலாம்னு முடிச்சாங்க. ஆனா அந்த செய்திய படிச்சப்போ எனக்கு வயித்துல புளிய கரைச்சுது, பழக்க தோஷம்.

சரி, குப்பை. இதுதான் பொண்ணு கேட்ட விஷயத்தோட மையம். ஆளுங்க மாசக்கணக்கா அடைஞ்சு கெடக்கற வீட்டுல என்னெல்லாம் சேரும்னு நெனச்சுப் பாருங்க. சாப்பாட்டு பாக்கெட், வேர்வை துணி (அங்க துவைக்கற வசதி இல்ல, போட்டு அழுக்கானா தூக்கிப் போடணும்), டாய்லெட் டப்பா, கெட்டுப்போன ஃபில்டர், பேக்கிங் ஃபோம், பழைய பேட்டரி. அமெரிக்கப் பக்கத்துல தண்ணிய மட்டும் இப்போ வேர்வை, சிறுநீர் வரைக்கும் சுத்தம் பண்ணி 98 சதவீதம் திரும்ப எடுக்கறாங்க, 2023ல அந்த அளவ தொட்டாங்க. மத்ததுக்கு அந்த மாதிரி மந்திரம் இல்ல. இதெல்லாம் எங்க போகும்? சாமான இறக்கி முடிச்சதும் ப்ரோகிரஸ் காலி ரூம், அதுதான் அவங்களுக்கு காயலான் கடை. பல மாசம் ஒட்டிகிட்டு நிக்கும், பாதி நாள் குடோன், மீதி நாள் குப்பைத் தொட்டி. அத மூடி கழட்டிவிட்டு காத்து மண்டலத்துல இறக்கி எரிச்சாதான் அந்த வாசல்ல அடுத்த கலம் வந்து ஒட்ட முடியும். எரிக்கறது ஏதோ கலத்த வீணாக்கற காரியம்னு தோணும், ஆனா அது அந்தக் கலத்தோட கடைசி டியூட்டி. நம்ம ஊர்ல காய்கறி கொண்டுவந்த குட்டி யானை போகும்போது தெருக் குப்பையையும் ஏத்திகிட்டுப் போயி, குப்பையோட சேத்து தன்னையும் கொளுத்திக்கற மாதிரி.

குப்பைன்னா எளக்காரமா நெனைக்க வேண்டாம், அதுக்கு ஒரு கதை இருக்கு. 1997 ஜூன் 25, ரஷ்யாவோட மிர் ஸ்டேஷன். உள்ள சிப்லியெவ், லஸூத்கின், அமெரிக்காவோட மைக்கேல் ஃபோல். தானா வந்து ஒட்டற குர்ஸ் ரேடார் கருவி உக்ரைன்ல, கியெவ்ல தயாராகறது, சோவியத் ஒடஞ்சதும் அது வேற நாடு, வெலை ஏறிப்போச்சு. அத கழட்டிட்டு ஸ்டேஷன்ல இருந்தே ரிமோட்ல ஓட்ட முடியுமான்னு பாக்க நெனச்சாங்க. மார்ச் மாசம் ஒரு தடவ முயற்சி பண்ணி திரைல படமே வராம கலம் ஸ்டேஷன உரசாத கொறையா தாண்டிப் போச்சு. அதுக்கப்புறமும் விடல. ஜூன்ல குப்பை ஏத்தி கழட்டிவிட்ட ப்ரோகிரஸ் எம்-34 கலத்த திரும்ப ஓட்டிட்டு வந்து ஒட்டச் சொன்னாங்க, ரேடார் கேமராவ கெடுக்குதோன்னு சந்தேகப்பட்டு ரேடாரையும் அணைச்சாச்சு. சிப்லியெவ்க்கு தெரிஞ்சது ப்ரோகிரஸ்ல இருக்கற கேமரா காட்டற படம் மட்டும், அதுல கீழ பூமி, மேகம், நடுவுல மிர் ஒரு புள்ளி. தூரமும் வேகமும் கண்ணளவுல கணக்குப் போடணும். 7 டன் கலம் வந்து ஸ்பெக்தர்ங்கற பகுதில மோதிச்சு, சோலார் பலகை கிழிஞ்சுது, சுவத்துல ஓட்டை, காத்து வெளிய போக ஆரம்பிச்சுது. அந்த பகுதிக் கதவ சாத்தலாம்னா கதவு வழியா கேபிளா ஓடுது, ஒண்ணொண்ணா புடுங்கியும் வெட்டியும்தான் மூடினாங்க. ஸ்டேஷனோட கரண்ட்ல கிட்டத்தட்ட பாதி போச்சு, ஸ்டேஷன் கிறுகிறுன்னு சுத்த ஆரம்பிச்சுது. எந்த வேகத்துல சுத்துதுன்னு கண்டுபுடிக்க ஃபோல் ஜன்னல்ல கட்டை விரல நீட்டி, நட்சத்திரம் வெரல தாண்ட எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பாத்து கணக்குப் போட்டு கீழ சொன்னார். சயின்ஸ் வாத்தியாருங்க பசங்களுக்கு கண்டிப்பா சொல்ல வேண்டிய எடம் இது.

மோதினது, ரேடார் அணைச்சிருந்தது, கதவு மூடினது, இதெல்லாம் உறுதியா தெரிஞ்சது. ஏன் மோதிச்சுங்கறதுல தான் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. முதல்ல பழி முழுக்க ஓட்டினவர் தலைல விழுந்துச்சு. அப்புறம், பயிற்சி எடுத்து மாசக்கணக்கு ஆனவர் கிட்ட இத குடுத்ததே தப்புன்னு ஒரு வாதம். ஏத்தின குப்பைய சரியா எடை போடாததால கலத்தோட உண்மையான எடை கணக்குல வரல, கனமான கலம் பிரேக் போட்டா மெதுவாத்தான் நிக்கும்னு இன்னொரு வாதம். என்னோட அபிப்பிராயம் கேட்டா, இதுல எதாவது ஒண்ணு மட்டும் காரணமா இருக்காது. எங்க வேலைலயும் பெரிய விபத்து எல்லாம் நாலு சின்ன விஷயம் கை கோத்துகிட்டு வந்தாத்தான் நடக்கும். ஆனா எடை தெரியாத குப்பை ஒரு டன்னோ ரெண்டு டன்னோ ஏறின கலத்த கண்ணளவுல ஓட்டச் சொன்னத என்னால ஜீரணிக்கவே முடியல.

அப்போ திரும்பி வர்றதே வேண்டாமான்னா, அப்படியும் இல்ல. கீழ வர வேண்டியது கொஞ்சம்தான்னு சொன்னேன், ஆனா அந்தக் கொஞ்சம் தங்கம். உறைய வெச்ச ரத்த சாம்பிள், அங்க வளத்த படிகம், செடி, கெட்டுப்போன பம்ப். பம்ப் ஏன் கெட்டுச்சுன்னு பிரிச்சுப் பாக்காம அடுத்தத எப்படித் திருத்துவீங்க? ரஷ்யாக்காரங்களே 1990கள்ல ப்ரோகிரஸோட முன்பக்கம் ரதுகான்னு ஒரு குட்டிக் கூடு வெச்சு சுமார் 150 கிலோ மட்டும் கீழ இறக்கினாங்க, மீதிக் கலம் வழக்கம்போல எரிஞ்சுடும். கொஞ்ச வருஷத்துல அதையும் விட்டுட்டாங்க. அமெரிக்க ஷட்டில் ஓடினவரைக்கும் கீழ வர்றதுக்கு கவலையே இல்ல, 2011 ஜூலைல ஷட்டில் நின்னதும் திடீர்னு சோயுஸ்ல சீட்டுக்கு இடுக்குல வர்றதுதான் கதின்னு ஆச்சு. அந்த ஓட்டைய அடைச்சது டிராகன், 2012 மே மாசம் முதல் முறையா ஸ்டேஷனுக்கு வந்துட்டு பத்திரமா கடல்ல எறங்கிச்சு. 3 டன் அளவுக்கு கீழ கொண்டுவரும். 2017 ஜூன்ல போனது ஏற்கனவே ஒரு தடவ போயிட்டு வந்த அதே கூடு. பாத்தீங்களா, பொண்ணு கேட்ட லாரி இருக்கு. ஆனா அதுலயும் பின்பக்கம் ட்ரங்க்குன்னு ஒரு உருளை உண்டு, அது திரும்பாது, எரியத்தான் செய்யும்.

ஆக இப்போ ரெண்டு வகையும் ஓடுது. ஒரு பக்கம் டிராகன், இன்னொரு பக்கம் எரியற ஜாதி, ப்ரோகிரஸ், சிக்னஸ், ஜப்பானோட ஹெச்டிவி வரிசை, சீனாவோட தியான்சோ. ஐரோப்பாவோட ஏடிவின்னு 20 டன் பூதம் ஒண்ணு இருந்துச்சு, 2008ல தொடங்கி அஞ்சு தடவ போயி அஞ்சும் எரிஞ்சது. எல்லாமே டிராகன் மாதிரி ஆனா குப்பைய என்ன பண்றது? 3 டன் அழுக்குத் துணியையும் டாய்லெட் டப்பாவையும் வெப்பக் கவசம் போட்டு பாராசூட் கட்டி பத்திரமா கடல்ல இறக்கி கப்பல் விட்டு எடுத்துட்டு வரணும். எதுல செலவு கம்மின்னு சில பேர் டாலர் கணக்கு எல்லாம் போட்டு எழுதறாங்க, அந்த நம்பர்கள நான் பெருசா நம்பறதில்ல, ஏன்னா ஒப்பந்தத் தொகைல ராக்கெட், காப்பீடு, பயிற்சி, காத்திருப்பு எல்லாம் கலந்து கெடக்கு, ஒரு கிலோவுக்கு இவ்ளோன்னு பிரிச்சு சொல்றவர் எத சேத்தார் எத விட்டார்னு முதல்ல கேக்கணும். எடைக் கணக்கு மட்டும் பொய் சொல்லாது.

பல வகை இருக்கறதுக்கு இன்னொரு காரணம் அந்த எட்டு மாசம். 2014 அக்டோபர் 28, சிக்னஸ ஏத்திகிட்டு கெளம்பின ஆன்டாரெஸ் ராக்கெட் வர்ஜீனியாவுல ஏவுதளத்துலயே விழுந்து வெடிச்சுது. 2015 ஏப்ரல் 28, ப்ரோகிரஸ் எம்-27எம் ராக்கெட்ல இருந்து பிரியும்போதே அடிபட்டு பம்பரம் மாதிரி சுத்திகிட்டுப் போயி பத்து நாள்ல விழுந்துச்சு. 2015 ஜூன் 28, டிராகனோட போன ஃபால்கன் 9 மேல போயிட்டு இருக்கும்போதே சிதறிச்சு. மூணுமே 28ஆம் தேதி, ஜோசியக்காரங்க விட்டுவைக்க மாட்டாங்க. மூணும் வேற வேற ராக்கெட், வேற வேற கோளாறு. அதுலயும் ஆன்டாரெஸ் விஷயத்துல இன்ஜின் பம்ப்ல கோளாறுங்கற வரைக்கும் எல்லாரும் ஒத்துக்கறாங்க, பம்ப்புக்குள்ள என்னங்கறதுல இன்ஜின் குடுத்த கம்பெனி ஒண்ணு சொல்லுது, ராக்கெட் கம்பெனி வேற சொல்லுது. ஃபால்கன்லயும் அப்படித்தான், ஹீலியம் பாட்டில தாங்கின கம்பி விட்டுப்போச்சுங்கறது சரி, கம்பி மட்டமா வந்துச்சா இல்ல அந்த எடத்துக்கு அந்த ரகத்த போட்டதே தப்பான்னு கம்பெனி பேச்சும் நாசா பேச்சும் வேற வேற. ஒரே ஒரு வகை கலத்த நம்பி இருந்தா ஸ்டேஷன காலி பண்ணிட்டு கீழ வந்திருக்கணும். கைல சில மாசத்துக்கு சாமான் எப்பவும் இருக்கும், ஜூலை 3ஆம் தேதி ஒரு ப்ரோகிரஸும் ஆகஸ்ட்ல ஜப்பான் கலமும் ஒழுங்கா கெளம்பிப் போச்சு, தப்பிச்சாங்க.

எரியறதுக்கு முன்னாடி கடைசியா ஏதாவது வேலை வாங்கறதும் உண்டு, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். 1993 பிப்ரவரில ஒரு ப்ரோகிரஸ் 20 மீட்டர் அகலத்துக்கு மெல்லிசா ஒரு கண்ணாடிய விரிச்சு ராத்திரில பூமி மேல வெளிச்சம் அடிச்சுக் காட்டிச்சு. 2001 மார்ச் 23 அன்னிக்கு மிர் ஸ்டேஷனையே தள்ளி பசிபிக்ல விழ வெச்சதும் ஒரு ப்ரோகிரஸ்தான். 2016ல இருந்து 2024 வரைக்கும் சில சிக்னஸ்க்குள்ள வேணும்னே தீ வெச்சுப் பாத்தாங்க, ஆளில்லாத கலம், எப்படியும் எரியப் போறது, விண்வெளில தீ எப்படிப் பரவும்னு பாக்க இத விட நல்ல எடம் கெடைக்காது. 2020 அக்டோபர்ல போன ஒரு சிக்னஸ்க்கு கல்பனா சாவ்லா பேர வெச்சிருந்தாங்க. அது ஸ்டேஷனுக்கு ஒரு புது டாய்லெட் கொண்டுபோச்சு, பிரிஞ்சு வந்ததும் தீ பரிசோதனை செஞ்சுது, 2021 ஜனவரில காத்து மண்டலத்துல எரிஞ்சு முடிஞ்சுது. அந்தப் பேர் உள்ள கலம் அப்படி முடியும்னு தெரிஞ்சே வெச்சிருக்காங்க, எனக்கு அது ஒரு மாதிரியா இருந்துச்சு, அவங்க ஊர் வழக்கம், நாம என்ன சொல்றது.

எரியும்போது கெடுதல் இல்லையான்னு ஒருத்தர் கண்டிப்பா கேப்பார். தென் பசிபிக்ல கப்பலும் விமானமும் ரொம்ப அபூர்வமா போற பகுதில பாத்து, எப்போ எங்கன்னு முன்னாடியே எச்சரிக்கை குடுத்துட்டுதான் இறக்கறாங்க. பெரும்பகுதி எரிஞ்சுடும், சூட்ட தாங்கற துண்டு சிலது கடல்ல விழும். மேல எரியற அலுமினியமும் மத்த உலோகமும் காத்து மண்டலத்துல தங்குதா? தங்குது, 2023ல உயரமான விமானம் விட்டு அள்ளின துகள்ல விண்கல உலோகம் இருந்தத பாத்தாங்க. அதனால ஓசோனுக்கோ வெயிலுக்கோ என்ன ஆகும்ங்கறது இன்னும் ஆராய்ச்சிலதான் இருக்கு. சரக்குக் கலம் வருஷத்துக்கு ஒரு கை விரல விட கொஞ்சம் அதிகம், இப்போ கவலை எல்லாம் ஆயிரக்கணக்குல எரியப்போற இன்டர்நெட் சாட்டிலைட்டுகள பத்தி.

கடைசியா பொண்ணோட ரெண்டாவது யோசனை, பைல கட்டி வெளிய எறியறது. யாரும் செய்யாத காரியம் இல்ல. சல்யூட் காலத்துல குப்பைக்குன்னே ஒரு சின்ன அறை இருந்துச்சு, பைய வெச்சு உள்கதவ சாத்தி வெளிக்கதவ தொறந்து தள்ளிவிடுவாங்க. 2022 ஜூலைல கூட சுமார் 78 கிலோ குப்பைப் பைய அப்படி விட்டுப் பாத்தாங்க. ஆனா நொடிக்கு 7.6 கிலோமீட்டர் வேகத்துல ஸ்டேஷன் போகுது, நீங்க எறிஞ்ச பையும் அதே வேகத்துல கூடவே வரும், கீழ விழாது. காத்து தேய்ச்சு தேய்ச்சு எறங்கறதுக்கு வாரமோ மாசமோ வருஷமோ ஆகும், எப்போ எங்க விழும்னு நம்ம கைல இல்ல. கலத்துல வெச்சு அனுப்பினா அதோட இன்ஜின் பிரேக் போட்டு, நாம சொல்ற எடத்துல விழும். வித்தியாசம் அந்த பிரேக்ல இருக்கு.

அந்த பிரேக் இல்லாம விட்டா என்ன ஆகும்னு ஃப்ளோரிடால ஒரு குடும்பத்துக்குத் தெரியும். ஸ்டேஷன்ல பழைய பேட்டரிகள மாத்தும்போது, கழட்டினத ஒரு பெரிய தட்டுல அடுக்கி ஜப்பானோட ஹெச்டிவில வெச்சு எரிக்கறதா திட்டம். 2018 அக்டோபர்ல ஆளுங்களோட கெளம்பின சோயுஸ் பாதில கோளாறாகி திரும்ப, விண்நடை எல்லாம் தள்ளிப்போச்சு, அந்த வருஷத்து ஹெச்டிவி தன்னோட தட்ட எடுக்காமலே கெளம்பிடுச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் ஒரு தட்டு மிச்சம், 2020ல அந்தப் பழைய ரக ஹெச்டிவில கடைசியும் போயாச்சு, தட்டு மட்டும் நின்னுகிட்டு இருந்துச்சு. 2021 மார்ச்ல வேற வழி இல்லாம ரோபோ கையால 2,600 கிலோ தட்ட அப்படியே வெளிய விட்டாங்க, கீழ வர்றதுக்குள்ள முழுக்க எரிஞ்சுடும்னு கணக்கு. மூணு வருஷம் சுத்திச்சு. 2024 மார்ச் 8 அன்னிக்கு எறங்கிச்சு, அதுல முக்கால் கிலோ கூட இல்லாத, வெரல் நீள உலோகத் துண்டு ஒண்ணு நேப்பிள்ஸ்ங்கற ஊர்ல ஒரு வீட்டுக் கூரைய பொத்துகிட்டு ரெண்டு தளத்தையும் தாண்டி எறங்கிச்சு. யாருக்கும் அடி படல. பையன் மட்டும் வீட்டுல இருந்திருக்கான், ரெண்டு ரூம் தள்ளி.